வெறுங்கையால் தொட்ட கம்பி

நேற்று ஆய்வகத்து அலமாரியை ஒழித்தபோது, உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய ரப்பர் துண்டு ஒன்று அகப்பட்டது. 'கரி குறைத்து, சிலிக்கா சேர்த்தது' என்று எழுதியிருந்தாய். நீ இறந்து இரண்டு வருடமாகிறது. சீட்டு லேசாகப் பழுத்திருக்கிறது.

அப்போது நம் டயர் கம்பெனியில் எல்லோருக்கும் கரிப்பொடிதான் தெய்வம். அதைக் கூட்டக் கூட்ட ரப்பருக்கு வலு ஏறும் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். நீ ஒருவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அளவு மீறினால் ரப்பர் விறைத்துப்போகும், உள்ளே வைக்கும் பித்தளை முலாம் கம்பியை இறுகப் பிடிக்காது, கரியில் கொஞ்சம் எடுத்துவிட்டு சிலிக்கா என்ற வெள்ளைப் பொடியைப் போடலாம் என்றாய். ஒரு வருடம் மல்லுக்கட்டி, ஒரே ஒரு சோதனைக்கு மேனேஜரிடம் அனுமதி வாங்கினாய். ரப்பரைக் கலந்தது நீ. அச்சில் கம்பிகளை அடுக்கியது நான்.

அச்சின் சூட்டில் ரப்பர் வெந்த பிறகு இயந்திரத்தில் மாட்டி இழுத்தோம். நன்றாக ஒட்டியிருந்தால் ரப்பர் கிழிந்து கம்பியோடு வர வேண்டும். கம்பிகளோ பளபளவென்று வழுக்கிக்கொண்டு வந்தன. மேனேஜர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ ஒரு கம்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஏல, ரப்பர்ல தப்பு இல்ல. கம்பியிலதான் என்னமோ இருக்கு."

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் வியர்க்கிறதே என்று கையுறையைக் கழற்றிவிட்டு, தலையைக் கோதிய தேங்காய் எண்ணெய்க் கையாலேயே அத்தனை கம்பியையும் அடுக்கியிருந்தேன். எண்ணெய் பட்ட கம்பியில் எந்த ரப்பரும் ஒட்டாது. நமக்கு அது பாலபாடம். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து மறைத்துவிட்டேன். உன் கலவையைக் கைவிட்டார்கள். உன்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மறுநாள் மதியமும் வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாய்.

உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் மல்காஜ்கிரியில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகள் தெலுங்கில் வரவேற்று டீ கொடுத்துவிட்டுப் போனாள். நான் தொடங்குவதற்குள் நீயே கேட்டாய்.

"அந்தக் கலவைய மறுபடி போட்டுப் பாத்தியால?"

"இல்லல" என்றேன். நீ தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

அந்தப் பொய்யை இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறேன். நீ ஸ்டோர்ஸுக்குப் போன மறு மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையுறை மாட்டிக்கொண்டு, நீ எழுதிய அளவு பிசகாமல் போட்டுப் பார்த்தேன். ரப்பர் கிழிந்ததே தவிர, கம்பியை விடவில்லை.