புகார் கொடுத்தவரிடமிருந்து பதில் இல்லை

இன்று காலை உன் பெயர் போட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. மனிதர் எழுதியதில்லை. மென்பொருளைச் சோதிக்க நாம் பயன்படுத்தும் கருவியின் பொதுப் புகார்ப் பக்கத்தில், நெடுநாள் அசையாமல் கிடக்கும் புகார்களைத் தட்டிப் பார்க்க ஒரு நிரல் வைத்திருக்கிறார்களே, அது அனுப்பியது. அந்தப் புகாரைப் பின்தொடரும் எல்லோருக்கும் போயிருக்கும். 'புகார் கொடுத்தவரிடமிருந்து பதில் இல்லை. பதினான்கு நாளில் வராவிட்டால் இது மூடப்படும்.' கீழே உன் பெயர், உன் பழைய படம். நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது என்று அதற்கு யார் சொல்வது? டீயைக் கீழே வைத்துவிட்டு அதையே இரண்டு மூன்று தடவை படித்தேன்.

துறைமுகச் சாலையில், டயர் கடைக்கு மேல் மாடியில் நம் அலுவலகம். கப்பல் ஏஜென்சிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் பத்துப் பேர் கம்பெனி. நிரல் எழுதுகிறவர்கள் எட்டுப் பேர். எழுதியதைச் சோதிக்கிறவர்கள் நாம் இருவர், எதிரெதிர் மேஜை. 'பட்டன் அமுக்குற புள்ளைங்க' என்று அந்த எட்டுப் பேரும் நம்மைச் சொல்வார்கள். நீ சிரித்துவிடுவாய். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அப்போதுதான் அந்தப் பிழை வந்தது. ஒரு சோதனை முடிந்ததும், கருவி தான் தொடங்கிய வேலைகளையெல்லாம் நிறுத்திவிட வேண்டும். விண்டோஸ் கணினியில் மட்டும், அதுவும் சில நேரம் மட்டும், ஒரு வேலை நிற்காது. பின்னால் ஓடிக்கொண்டே இருந்து கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த சோதனை அப்படியே தொங்கிவிடும். 'நம்ம ஏஜென்சிக்காரங்க பூரா விண்டோஸ்தான வச்சிருக்காங்க. நமக்குன்னே வந்து வாய்ச்சிருக்கு பாருளா' என்பாய்.

மிச்சம் ஓடும் வேலைகளைத் தேடிக் கொல்லப் பதினோரு வரி எழுதி, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் வைத்தேன். அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தவள் நீ. குப்பையைக் கூட்டியாகிவிட்டது, விடு என்றாய். எனக்கு மனம் ஆறவில்லை. மூன்று வாரம் தோண்டினேன். ஒரு வேலை முழுதாக எழுந்திருக்கும் முன்பே நிறுத்தச் சொன்னால், கருவி அதை நிறுத்திவிட்டதாக நினைத்து மறந்துபோகிறது. பிழை நம்முடையதில்லை, கருவியினுடையது. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கருவியில், டயர் கடை மாடியிலிருந்து நான் ஒரு பிழையைப் பிடித்திருந்தேன். அந்த எட்டுப் பேருக்கும் நான் யாரென்று காட்ட எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. அது உனக்குத் தெரியும்.

கருவியை எழுதியவர்களுக்கு அனுப்ப நான்கு பக்கத்தில் புகார் எழுதி உன்னிடம்தான் கொடுத்தேன், என் ஆங்கிலத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல். 'அங்கன வெளிநாட்டுக்காரன் படிப்பான், தப்பா இருந்தா நம்ம மானம் போயிரும். தாளா, நான் பாத்துத் தாரேன்.' இரண்டு வாரம் ஆயிற்று. பொறுக்காமல், இதே பிழையை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கருவியின் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். சொல்லியிருந்தார்கள். நீ. என் நான்கு பக்கம், நான் கவனிக்காமல் விட்ட ஒரு தப்பு எண் உட்பட, அப்படியே. என் பெயர் எங்கும் இல்லை.

கேட்டேன். 'யாரு பேருல போட்டா என்னளா? பிழை சரியாவணும், அதுதான?' என்றாய். எழுதுகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போகும்போதெல்லாம் சொல்லும் பேச்சு அது. அதை எடுத்து என்னையே அடித்தாய். இரண்டு மாதத்தில் உனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நேர்காணலில் அந்தப் புகாரைத்தான் காட்டினேன் என்று மக்ரூன் டப்பாவை நீட்டிக்கொண்டே சொன்னாய். நான் ஒன்றை எடுத்துத் தின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

நீ பெங்களூர் போன பிறகு, கருவியை எழுதியவர்களில் ஒருவர் அங்கே கேட்டிருந்தார்: 'எங்கள் கணினிகளில் இந்தப் பிழை வரவில்லையே, எப்படி வரவழைப்பது?' உனக்குத் தெரியாது. நான் அதை எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றாத காரியம். கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலைகள் எழுந்திருக்கத் தாமதமாகும், பிழை வந்துவிடும். அதனால் சோதிக்கும் முன் சார்ஜரைப் பிடுங்கிவிடுவேன். எதிரில் உட்கார்ந்து தினமும் பார்த்த நீ, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருமுறை செய்தி அனுப்பினாய். 'ஏளா, உன் மெஷின்ல அந்தப் பிழை இப்பமும் வருதா?' எதற்குக் கேட்கிறாய் என்று தெரிந்தது. பார்த்துவிட்டுப் பதில் போடாமல் விட்டேன். தவிக்கட்டும் என்று நினைத்தேன். தப்புத்தான் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் சொல்லியிருப்பேன். நீ பிறகு கேட்கவே இல்லை.

அங்கே காய்ச்சல் என்று படுத்த உன்னை ஒன்பதாம் நாள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் சொன்னார்: 'இவதான் அதக் கண்டுபுடிச்சவ. எம்மவ வேலைக்குப் போனதே இவளாலதான்னு எங்கிட்ட எப்பமும் சொல்லுவா.' அழுகை வந்தது, ஆனால் அவர் நினைத்த அழுகை இல்லை. அம்மாவிடம் சொல்லத் தெரிந்த உனக்கு, அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதக் கை வரவில்லையா? செத்தவளிடம் அதை எப்படிக் கேட்பது?

இன்று மதியம் நானே பதில் எழுதினேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்று. முன்பு கேள்வி கேட்ட அந்த மனிதர் ஒரு மணி நேரத்தில் எழுதினார்: 'வந்துவிட்டது. சரிசெய்கிறோம். புகார் கொடுத்தவருக்குப் பெயர் சொல்லி நன்றி போடுவது வழக்கம். அப்படியே போட்டுவிடவா?'

வேண்டாம், அவள் இறந்துவிட்டாள், கண்டுபிடித்தது நான் என்று எழுதி, என் முழுப் பெயரைக் கொடுத்தேன். வருந்துகிறேன், மாற்றிவிட்டேன் என்று பதில் வந்தது. வேறு கேள்வியே இல்லை. அவ்வளவு சுலபம், பார்த்தாயா?

இதோடு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. நீ இருந்திருந்தால் இந்தப் பதிலைக் காட்டி உன்னைக் கிழித்திருப்பேன். நீயும் விடாமல் பேசியிருப்பாய், பிறகு அழுதிருப்பாய், இரண்டு பேரும் கீழே இறங்கிப் போய் எதையாவது தின்றிருப்போம். அந்தச் சண்டை அப்படியே என்னிடம் இருக்கிறது. வேறு யாரிடமும் அதைப் போட முடியாது.