வடம் இழுத்த கைக்கு எண்ணெய்

ஆடிப்பூரம், இரவு.

என் சிநேகிதி செல்வி காலையிலேயே வந்துவிட்டாள். "கோயிலுக்குள்ளதான் போகக்கூடாது. தேரு ரோட்டுலதான வருது? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, செத்த நேரம் ஓரமா நின்னு பாத்துட்டு வந்திருவோம்" என்றாள். நான் சேலைகூட மாற்றிவிட்டேன். மாமியார் விடவில்லை.

"எம்புள்ள செத்து வருசம் திரும்பல. அதுக்குள்ள ஒனக்கு என்னட்டி தேரு?"

செல்வியும் போகாமல் என்னோடு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வருடாவருடம் அவர் வடம் இழுத்துவிட்டு, உள்ளங்கை சிவக்க வருவார். எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். இன்றும் சாயங்காலம், என்னை அறியாமல் எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டேன். செல்வி தன் கைகளை நீட்டினாள். தேய்த்துவிட்டேன்.

வாசம் முன்னறைக்குப் போயிருக்கும். மாமியார் விசும்பும் சத்தம் கேட்டது. இனி அந்தக் கிழவியை மனசுக்குள் திட்டவும் முடியாது.