பெரிய தெருவில் இறங்காத சைக்கிள்

செஞ்சி வட்டம்,
9-11-1986, ஞாயிறு.

அன்பு மகன் காமராஜுக்கு, அம்மா காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல உன் தங்கை சாமுண்டீஸ்வரி எழுதுவது. இங்கே நைனாவுக்கும் எனக்கும் இதை எழுதும் பாப்பாவுக்கும் புதுசாகக் கன்று போட்ட மாட்டுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மழையும் காலத்தில் பெய்து ஏரியில் பாதித் தண்ணீர் நிற்கிறது. துபாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கும். போன கடிதத்தில் பல்வலி என்று எழுதியிருந்தாய், பல்லைப் பிடுங்கினாயா இல்லையா என்று பிறகு எழுதவே இல்லை. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே நாளைக் கடத்தாதே. வெயிலில் கம்பி கட்டுகிறவன் தலையில் ஈரத்துண்டு இல்லாமல் நிற்காதே. தீபாவளிக்கு நீ இல்லாத குறை தெரியாமல் இருக்க நைனா இரண்டு பங்கு கறி தின்றார், பிறகு இரண்டு நாள் சுக்குக் கஷாயம் குடித்தார்.

நான் பேசுகிறபடியே எழுதடி என்றால் இவள் கேட்பதில்லை, எல்லாவற்றையும் புத்தகத்தில் இருப்பதுபோல மாற்றித்தான் எழுதுகிறாள். லெட்டர்னா அப்படித்தாம்மா எழுதணும் என்கிறாள். நம் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் முடித்து பி.ஏ. வாங்கியவளிடம் நான் என்ன பேசுவது. ஆனால் மற்றவர்கள் பேசினதை மட்டும் அவர்கள் பேசினபடியே போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஏனென்றால் இன்றைக்கு உனக்குச் சொல்லப்போகும் சேதி அப்படிப்பட்டது. இரண்டு மாதமாக எழுதாமல் அடக்கி வைத்திருந்தேன், நீ அங்கே தனியாக உட்கார்ந்து பயப்படுவாய் என்று. இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை. நீ உன் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டலாம்.

பாப்பா ஆடி மாதத்திலிருந்து செஞ்சி தாலுகா ஆபீசுக்கு டெம்பரவரி டைப்பிஸ்டாகப் போகிறாள் என்று உனக்குத் தெரியும். அதற்காக நீ ரசூலின் மச்சான் கையில் கொடுத்தனுப்பிய வாக்மேன் வந்த நாளிலிருந்து அது அவள் உடம்பில் ஒரு உறுப்பு மாதிரி ஆகிவிட்டது. செஞ்சி பஜாரில் கேசட் கடை வைத்திருக்கும் அதே ரசூல்தான். இவள் பாட்டுப் பேரெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, அவர் ஒன்றரை மணி நேரத்துக்குப் பதிந்து கொடுத்தார். முதல் நாள் என் காதில் மாட்டிவிட்டாள். பாடுகிறவன் என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது, நான் பயந்துபோய்ப் பிடுங்கிப் போட்டேன். பிறகு நானே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். தினமும் காலையில் வாக்மேனைக் கைப்பையில் போட்டு, ஒயரை முந்தானைக்குள்ளே விட்டு, காதில் அந்த ஹெட்போன் வளையத்தை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுப்பாள். பாட்டு வேகமாக இருந்தால் பெடலும் வேகமாகச் சுற்றும், மெதுவாக இருந்தால் ஏரிக்கரைக் காற்றில் மிதப்பதுபோலப் போவாள். மெயின் ரோட்டில் திருவண்ணாமலை பஸ் வருகிற வேகத்துக்கு ஆரன் கேட்காமல் போனால் என்ன ஆகும். ரோட்டில் ஏறியதும் வலது காதைத் திறந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். விடுகிறாளா என்று யாருக்குத் தெரியும். அதற்குப் போடும் பென்சில் பேட்டரிதான் தொல்லை. செஞ்சியில் எப்போதாவதுதான் கிடைக்கிறது. தீர்ந்துபோனால் பாடுகிறவன் சீக்காளி மாதிரி இழுப்பான். இவள் அந்த இரண்டையும் முறத்தில் காயும் மிளகாய்க்கு நடுவில் வைத்து வெயில் காட்டி மறுபடி போடுவாள், இரண்டு பாட்டுக்கு உயிர் வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமானால் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும். நீயும் இங்கே இருந்தவரைக்கும் வேப்பமரத்தடியில் இறங்கி, பிள்ளையார் கோயில், குழாயடி, பால் சொசைட்டி எல்லாம் தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன்தான். காலனிக்காரன் அந்தத் தெருவில் சைக்கிள்மேல் உட்கார்ந்து போகக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் நீ ஒரு நாள் ஞாபகமில்லாமல் கோயில்வரை ஏறிப் போய்விட்டாய். அவர்கள் அடிப்பதற்கு முன்னால் நாமே அடித்துவிட வேண்டும் என்று நைனா அவர்கள் எதிரிலேயே உன்னை அடித்தார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை, அது உனக்குத் தெரியாது, இப்போது சொல்கிறேன்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் நைனாவும் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம். குழாயடியிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பாப்பா காதில் அந்த வளையத்தோடு வேப்பமரத்தடியில் இறங்காமல் நேராகப் பெரிய தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பால் சொசைட்டிப் படியில் உட்கார்ந்திருந்த பெரிய வீட்டுத் தனகோட்டி எழுந்து நின்று, ஏய் பச்சமுத்து பொண்ணே, எறங்குடி, யார் தெருன்னு நென்ச்சிக்கினு போற என்று கத்தியிருக்கிறார். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இன்னாடி, காது கேக்கலையா, எறங்குடின்றேன் என்று பின்னாலேயே நாலடி ஓடியும் இருக்கிறார். கோழிகள் பறக்க இவள் பாட்டுக்குப் போயிருக்கிறாள். அப்போது சொசைட்டியில் பால் கணக்கு எழுதும் சுந்தரமூர்த்தி, அதுக்குக் கேக்காதுய்யா, காதுல இன்னாத்தையோ மாட்டிக்கினு பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கினு போவுது பாரு என்று சொன்னாராம். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நினைக்கப் பயம்.

சாயங்காலம் நைனாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். மல்லாட்டை பிடுங்கும் வேலைக்கு யாரையும் கூப்பிடமாட்டார்கள், ஏரி மீன் ஏலத்தில் சேர்க்கமாட்டார்கள், பாப்பாவை வழியில் மறித்தால் வேலைக்கே போக முடியாது, இதெல்லாம் வழி முழுக்க என் தலைக்குள் ஓடியது. டேய் பச்சமுத்து, பொண்ணு படிச்சிட்டா தெரு உன்னுதா ஆயிடுமா என்றார் தனகோட்டி. நைனா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கொழந்தைக்குக் காது கேக்கலங்கய்யா, பையன் துபாய்லேர்ந்து அனுப்சது என்று அதையே நாலு தரம் சொன்னார். அந்த நேரத்துக்குத்தான் பாப்பா ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் சொசைட்டி ஓரத்திலேயே சைக்கிளை நிறுத்திவிட்டாள். முகத்தில் இரத்தமே இல்லை. எங்க அந்த மிஷினு, கொண்டா பாக்கலாம் என்று தனகோட்டி கையை நீட்டினார். நல்லவேளை, அன்றைக்குத்தான் ரசூல் கடையில் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தாள். இவளே வளையத்தை அவர் தலையில் மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள்.

மகனே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தேள் கொட்டினதுபோல ஒரு துள்ளு துள்ளினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து சுந்தரமூர்த்தி, யோவ் தனகோட்டி, உன் வேட்டி அவுந்துக்கினு கீதுய்யா என்றார். அவர் காதில் விழவே இல்லை. இன்னொரு தரம் உரக்கச் சொன்னார், அப்போதும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். குழாயடியில் இருந்த அவர் மருமகளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்க என்று அவர் போட்ட சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, நெசமாவே ஒண்ணும் கேக்கலடா என்றார். அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு, அத மாட்டிக்கினு கீறவங்ககிட்ட இன்னாத்தச் சொல்றது, வுடு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கோபம் போகவில்லை, சிரித்த கூட்டத்தின் நடுவில் அதற்குமேல் அவருக்கு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சொல்லை நைனா பிடித்துக்கொண்டார். எனக்கு அது தோன்றவில்லை, அவருக்குத்தான் தோன்றியது. மாட்டிக்கினு கீறவங்கன்னுதான சொன்னாரு, பொண்ணுன்னு சொல்லலயே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, செஞ்சிக்குப் போய் வரலாம் வாடி என்று கூப்பிட்டார். இன்னா வேலை என்றேன். ஒரு வேலையும் இல்ல, வா என்றார். பாப்பாவிடம் வாக்மேனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, என்னைப் பின்னால் கேரியரில் உட்காரவைத்து மிதித்தார். வேப்பமரம் வந்ததும் பெடலில் இருந்த கால் தானாகவே இறங்கப் பார்த்தது. நான் முதுகில் ஒரு குத்து விட்டேன். அவர் காதில் பாட்டு, என் காதில் ஒன்றும் இல்லை, அதனால் அந்தத் தெரு என்ன சொன்னது என்று கேட்டவள் நான்தான். கோயிலடியில் ஒருவர் காறித் துப்பினார். சொசைட்டியில் பால் கேன்கூடச் சத்தம் போடவில்லை. குழாயடியில் மட்டும் யாரோ ஒருத்தி, காத்தாயி, கெட்டியாப் புடிச்சிக்க என்றாள். யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரு முடிந்து புளியமரத்தடியில் நிறுத்தினார். வளையத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இம்மாந்தூண்டு தெருவாடி இது, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள முடிஞ்சிடுச்சே என்றார். நாற்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டு நடந்த தெரு. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார், பிறகு செஞ்சிக்குப் போய் இருவரும் டீ குடித்துவிட்டு, வந்த வழியே ஏறித் திரும்பினோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. காலனியில் பாதிப் பேருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. வாக்மேனுக்கு எங்கே போவார்கள், ஒருவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனார், இன்னொருவர் புரட்டாசி வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டு போனார், கன்னியப்பன் பழைய ரேடியோ ஒயரைக் காதுக்கும் சட்டைப் பைக்கும் நடுவில் தொங்கவிட்டுக்கொண்டு போனார். பத்து நாள் நம் ஆட்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லைதான். ஆனால் மல்லாட்டை முற்றினால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும், மழை வேறு இறங்கிவிட்டது, பதினோராம் நாள் அவர்களே வந்து கூப்பிட்டார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் பார்த்தேன், பஞ்சும் இல்லை மப்ளரும் இல்லை, எல்லோரும் சும்மாவே ஏறிப் போகிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. தனகோட்டி போன வாரம் நைனாவைக் கூப்பிட்டு, உன் பையன் வரும்போது எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு வாங்கியாரச் சொல்லு என்றார். வாங்கிக்கொண்டு வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டோம். காலனிக்கு நடந்து வந்து நம் வீட்டு வாசலில் வாங்கிக்கொண்டு போகட்டும். இதை எழுதமாட்டேன் என்று பாப்பா பேனாவை மூடினாள், நான் திறக்கவைத்தேன். தன்னைப் பற்றிச் சொன்ன இடத்திலெல்லாம் இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாட்டுக் கேட்டுக்கொண்டு போனவள். கேட்டிருந்தால் என் பிள்ளை பயந்து இறங்கியிருப்பாள். கேட்காமல் போனதே நம் குலசாமி செய்த காரியம்.

நீ அடுத்த ஆள் வரும்போது மறக்காமல் பென்சில் பேட்டரி ஒரு டஜன் கொடுத்தனுப்பு, நைனாவும் பாப்பாவும் காலையில் சண்டை போடுகிறார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டு எழுது. எந்த ஊரில் இருந்தாலும் யார் எதிரிலும் கூனிக் குறுகாமல் நிமிர்ந்து நட. பச்சையம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவாள், நைனாவும் நானும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
நீ வரும் வழி பார்த்திருக்கும் அம்மா
காத்தாயி (இடது பெருவிரல்)

அண்ணா, இதற்குமேல் வருவது நான் எழுதுவது. அம்மா படித்துக் காட்டச் சொன்னபோது ரேகைக்கு மேலே உள்ளதை மட்டும் படித்தேன். நீயும் யாரிடமும் சொல்லாதே. அன்று காலை பேட்டரி இரண்டும் முறத்தில் மிளகாயோடு காய்ந்துகொண்டிருந்தன. வாக்மேன் காலி. வளையம் காதில் இருந்தால் செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்று பாட்டு இல்லாத நாளிலும் மாட்டிக்கொண்டு போவேன். வேப்பமரத்தடியில் இறங்கத்தான் பிரேக்கில் கை வைத்தேன். தினமும் யாரும் சொல்லாமலே இறங்கிவிடுவேன். அன்று அதற்குள் சொசைட்டிப் படியிலிருந்து எறங்குடி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு என்னால் இறங்க முடியவில்லை. தனகோட்டி சொன்னது எல்லாமே கேட்டது, ஓடி வந்த செருப்புச் சத்தமும் கேட்டது. தலையைப் பாட்டுக்கு ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே மிதித்தேன்.

பேட்டரி அனுப்பு. நைனாவுக்குப் பாட்டு மிகவும் பிடித்துவிட்டது, இனிமேல் சண்டை வேண்டாம் என்று வாக்மேனை இன்று அவரிடமே கொடுத்துவிட்டேன். எனக்கு இப்போது அது இல்லாமலே போக வருகிறது.

உன் தங்கை
சாமுண்டீஸ்வரி