ஓட்டப்போட்டிக்கு முதல்நாள்

மாமி,

பக்கத்து வீட்டுப் பிள்ளை நேற்றுப் பெரியபிள்ளையாகிவிட்டாள். இன்று காலை அவளுக்குக் குடிக்கக் கொடுத்த பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கலந்த வாடை எங்கள் குசினி ஜன்னல்வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு அது வந்தது மாகாண ஓட்டப்போட்டிக்கு முதல்நாள். பதினான்கு வயது. அறிந்தால் அம்மா என்னை மூலையில் இருத்திவிடுவார். தண்ணீர் வார்த்துச் சடங்கு முடிக்கும்வரை வெளியே விடமாட்டார். கிணற்றடியில் உங்கள் காலைப் பிடித்தேன். "ஒருத்தருக்கும் சொல்லாதீங்க மாமி. ஓடிப்போட்டு வந்து நானே சொல்றன்."

நீங்கள் பயந்தீர்கள். கணவர் போனபின் உங்கள் தம்பியான என் அப்பாவை நம்பி வந்திருந்தீர்கள். வீடோ அம்மாவின் சீதனம். ஆனாலும் பழைய சேலையைக் கிழித்து, மடிப்பதையும் கட்டுவதையும் காட்டித் தந்தீர்கள். "வயிறு இழுத்தா நிக்காத மனே. மூச்ச விட்டு விட்டு ஓடு."

மூன்றாவதாக வந்தேன். வந்தும் சொல்லவில்லை. நாளைக் கடத்தினேன். நாலாம் நாள் வட்டையில் வயல் வேலையாக நின்ற அப்பாவைப் பாம்பு கடித்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, அம்மா என் காற்சட்டையில் கறையைக் கண்டார்.

"இந்தத் துடக்கோடயா கோயில் வாசலால போய் வந்த நீ? ஆருக்குத் தெரியும்?"

"மாமிக்கு. அவதான் சொல்லவேணாமெண்டு சத்தியம் வாங்கினவ."

அம்மா உங்கள் பக்கம் திரும்பினார். "கூடப்பிறந்தவனப் பாம்புக்குக் குடுக்கவா என்ர வளவில இருந்தாய்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் குனிந்துகொண்டேன். "ஓம் மச்சாள், நான்தான் சொன்ன," என்றீர்கள். அன்று பொழுதுபட முன் போய்விட்டீர்கள்.

அப்பா பிழைத்தார். உங்களைக் கூப்பிடவில்லை. என் தண்ணீர் வார்ப்புக்குக் கண்ணாடிக் காப்புகளோடு படலைவரை வந்தீர்கள். அம்மா படலையைச் சாத்தியதை அறைக்குள்ளிருந்து பார்த்தேன். பிறகு வந்தாறுமூலையில் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தீர்கள். நானும் அங்கேதான் படித்தேன். ஒருநாள் தெருவில் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். "ஆர் இவ?" என்று தோழி கேட்டாள். "ஊர் ஆள்" என்றேன். உங்களுக்குக் கேட்டது.

போன மாதம் உங்கள் செத்த வீட்டில் அம்மா எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "பாவம்தான். எண்டாலும் அண்டைக்குச் செய்தது துரோகம்தானே, பிள்ள?"

உங்கள் கால்மாட்டில் நின்றபடி, "ஓம் அம்மா" என்றேன்.

அம்மா இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறார். எழுந்து போய்ச் சொல்லப் பத்து அடி போதும். நான் இங்கேயே இருக்கிறேன், மாமி.