வரையாடுகளின் எண்ணைத் திருத்தி எழுதிய ஓலை

நலம் நிலைக்க. மழை பொய்யாத வயல்களும் கலம் நீங்காத கரைகளும் உடைய முத்தலைத் துறைநாட்டில், மறைந்த பேரரசியார் நிறுவிய வனக்கல்விப் பெருஞ்சாலைக்கும் அதன் அறக்கொடைக்கும் தலைவராய் வீற்றிருக்கும் நல்லங்கோ வேளார் திருமுன்பு, முகில்வரை நாட்டு வேந்தர் செங்கோமானின் ஓலைநாயகமாகிய எயினன் கடம்பன் பணிந்து விடுக்கும் முடங்கல். தங்கள் வேந்தரும், தங்கள் சாலையும், அங்கே கற்பாரும் கற்பிப்பாரும் நெடிது வாழ்க.

எங்கள் நாட்டின் நலத்தை எழுத வேண்டிய இடம் இது. எழுதத்தக்க நலம் ஒன்றும் இல்லாமையால் அவ்வரியை விட்டு மேலே செல்கிறேன், பொறுத்தருள்க.

பொருள் குறைந்த நாடுகளில் பிறந்து, தத்தம் நாட்டில் கற்கத்தக்கவற்றைக் கற்று முடித்து, காடும் விலங்கும் காக்கும் மேற்கல்விக்கு வழியின்றி நிற்போர் எழுவரை ஆண்டுதோறும் அழைத்து, ஈராண்டுக் காலம் உணவும் உறையுளும் ஆசானும் அளித்துக் கற்பிப்பது தங்கள் சாலையின் அறம். அவ்வறத்தை நம்பிச் சென்ற ஆண்டு ஐப்பசியில் எங்கள் நாட்டிலிருந்து தங்களிடம் ஓர் ஓலை வந்தது. மேல்வரையில் ஆடு மேய்க்கும் பூதன் என்பானின் மகள் சாத்திக்கு ஓரிடம் வேண்டியது அது. வரையாடுகளின் குட்டிகள் பிறந்து நாற்பது நாள் தாண்டாமல் சாவது ஏன் என்று கற்றுவரவே அவளை அனுப்ப எண்ணினோம். எங்களில் எவருக்கும் அது தெரியவில்லை. மருத்துவர் தெய்வக் குற்றம் என்கிறார்; பூசாரி மருத்துவரைக் கேட்கச் சொல்கிறார்.

தாங்கள் மறுத்து எழுதிய மறுமொழி மிகவும் பண்பானது. ஆயிரத்தெட்டு வரையாடுகள் உலவும் வளநாட்டிற்கு இக்கொடை வேண்டுவதில்லை என்றும், நாற்பது நாரைகளே எஞ்சிய வேறொரு நாட்டின் மாணவருக்கு அவ்விடம் அளிக்கப்பட்டது என்றும் அதில் கண்டிருந்தது. தங்கள் முடிவில் பிழை இல்லை. எங்கள் ஓலையை நம்பினீர்கள். அது ஒன்றே தங்களால் நேர்ந்த தவறு.

ஆயிரத்தெட்டு என்ற எண்ணை எழுதியவன் நான். எங்கள் அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. வேந்தர் பேரால் போகும் ஓலையில், அவர் முன்னோர் காலத்தில் எழுதிய எண்ணுக்குக் குறைந்த எண்ணை எழுதலாகாது. ஏரி வற்றினாலும் பாட்டனார் காலத்துக் கொள்ளளவையே எழுதுவோம். ஊர் காலியானாலும் பழைய தலைக்கணக்கே போகும். குறைவை எழுதினால் குறைவு நிலைத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் நாங்கள். வேந்தரின் பாட்டனார் ஆட்சியில் வரையாடுகள் ஆயிரத்தெட்டு என்று ஏட்டில் கண்டது. அதையே எழுதினேன். எழுதும்போது நான் தயங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுப் பழக்கம்.

சாத்தி என்னிடம் தந்த எண் வேறு. ஒன்பது மாதம் பாறை பாறையாய் ஏறி, ஒவ்வோர் ஆட்டையும் அதன் கொம்பு வடுவால் அடையாளம் வைத்து எண்ணிப் பத்தொன்பது என்று எழுதித் தந்திருந்தாள். தங்கள் மறுமொழி வந்த அன்று அவளை அவைக்கு அழைத்துப் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. தான் ஒன்பது மாதம் மலையேறித் தேடியும் பத்தொன்பதே கிடைத்தன என்றும், ஓலைநாயகமோ உட்கார்ந்த இடத்திலேயே மிச்சம் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதையும் ஈன்றெடுத்துவிட்டார் என்றும், பிள்ளைப்பேற்றுக் களைப்பு நீங்க நான் சுக்குக் கஷாயம் குடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போன பின்புதான் அவள் எழுதித் தந்த கணக்கை எடுத்து முழுதும் படித்தேன்.

இவ்வாண்டு அவள் மீண்டும் எண்ணினாள். பதினொன்று. அவற்றுள் குட்டி ஒன்றும் இல்லை. சென்ற ஆண்டு தங்கள் சாலையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தால் இந்த எட்டும் பிழைத்திருக்குமா என்று நான் அறியேன். பிழைத்திருக்கலாம் என்ற நினைப்பே என்னைச் சோறு உண்ண விடவில்லை.

வேந்தரிடம் உண்மை எண்ணை எழுத ஒப்புதல் கேட்டேன். தம் ஆட்சி தேய்கிறது என்று தம் ஓலையே பிற நாட்டில் பறைசாற்றுவதைத் தாம் விரும்பவில்லை என்று அவர் அருளினார். எழுதாதே என்றும் சொல்லவில்லை. நெடுநேரம் சாளரத்தின் வழியே மலையைப் பார்த்திருந்துவிட்டு உள்ளே போய்விட்டார். நல்லவர், ஆனால் அவருக்கும் பாட்டனார் இருந்தார். குறைந்த எண்ணை எழுதிய ஓலைநாயகம் பதவி இழந்து தலைநகர் நீங்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். அந்தச் சட்டத்தைப் படியெடுத்தவனும் நானே. இதை எழுதித் தங்கள் இரக்கத்தைத் தேடவில்லை. இந்த ஓலையில் உள்ள எண் எத்தகையது என்று தாங்கள் ஐயுறாதிருக்க எழுதினேன்.

ஆகவே என் எழுத்தாணியால் எழுதுகிறேன். முகில்வரை நாட்டில் இன்று உயிரோடு உள்ள வரையாடுகள் பதினொன்று.

நாரை நாட்டு மாணவரின் இடத்தைப் பறித்துத் தருக என்று கேட்க மாட்டேன். அங்கேயும் யாரோ ஒருத்தி சேற்றில் நின்று எண்ணியிருப்பாள். இவ்வாண்டுக்குரிய எழுவரில் ஒருவர் வராமையால் ஓரிடம் தை முதல்நாள் வரை ஒழிந்திருப்பதாக இங்கே வந்த தங்கள் தூதர் சொன்னார். அதைச் சாத்திக்கு அருள்க. அவளுக்கு நிலமில்லை, தந்தைக்கு இருப்பது ஆறு வெள்ளாடுகள். எங்கள் நாட்டிலோ மூன்று ஆண்டு மழையில்லை. ஒரு பெண்ணைக் கடல் கடத்திக் கற்பிக்கும் வலிமை அரண்மனைக்கே இல்லை. அவள் குளிருக்கு அஞ்சாள், பசிக்கு அஞ்சாள். பெரியோர் முன்னிலையில் வாய் மட்டும் சற்று நீளம். ஆசான்மார் அதனைப் பொறுத்துக்கொண்டால், எங்கள் நாட்டில் கண்டதைக் கண்டபடி எழுதும் ஒரே கை அவளுடையது என்பதை விரைவில் அறிவார்கள்.

இவ்வோலையில் வேந்தர் முத்திரை இல்லை. என் முத்திரையை இட்டேன். ஓலை கோட்டைவாயில் கடந்த பின் அம்முத்திரையைக் கருவூலத்தில் ஒப்படைத்துவிடுவேன். கொண்டுவரும் ஓட்டன் வழியில் நில்லாது செல்க என்பது இப்பதவியிலிருந்து நான் இடும் கடைசிக் கட்டளை. கார்த்திகை ஏழாம் நாள், முகில்வரைக் கோட்டை, எயினன் கடம்பன் எழுத்து.

மறுமொழியை என் பேருக்கு விடுக்க வேண்டா. வாங்கிப் பிரிக்க இங்கே நான் இரேன். மேல்வரை பூதன் மகள் சாத்திக்கு என்றே எழுதுக. இடம் உண்டாயின் புறப்பட வேண்டிய நாளைக் குறிக்க. இல்லையாயின் வளம், வாழ்த்து, பண்பான வரிகள் ஒன்றும் சேர்க்காமல் இல்லை என்று மட்டும் எழுதுக. அந்தச் சொல்லைத் திருத்தாமல் படிக்கக்கூடியவள் இந்நாட்டில் அவள் ஒருத்தியே.