எந்தச் சர்க்கரை?

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? எனக்கு மண்டை காய்கிறது. நீ உலர்த்தி அனுப்பிய நாற்பது குப்பிகளையும் இன்று பிரித்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய தூள் மஞ்சளாக இருக்கிறது. ஆறாத புண்ணைச் சுற்றியுள்ள செல்களை நகரவைத்து மூடச் செய்கிற பெப்டைடு, ஒரு குட்டிப் புரதம், அது. ஆறு வருஷமாக அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். இப்போது செல்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உலரும்போது கெடாமல் இருக்கத்தானே சர்க்கரை சேர்க்கச் சொன்னேன்? நீ குளுக்கோஸைச் சேர்த்திருக்கிறாய். காப்பியில் போடுகிற சர்க்கரை கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கும். குளுக்கோசுக்குக் கை சும்மா இருக்காது. பெப்டைடு எந்த இடத்தால் செல்லைப் பிடிக்குமோ, சரியாக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் விடாது. இதுகூடத் தெரியாத மக்கா நீ? உன் மேலாளருக்கும் எழுதிவிட்டேன்.

28ஆம் தேதி சோதனை. செல்கள் நகராவிட்டால் இந்த வேலையையே இழுத்து மூடிவிடுவார்கள். உடனே புதிதாகச் செய்து அனுப்பு.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வரும்வரை நலமாகத்தான் இருந்தேன்.

நீ அனுப்பிய சீட்டு என் முன்னால் இருக்கிறது. 'சர்க்கரை, ஐந்து சதவீதம்.' அவ்வளவுதான். நான் பத்து வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். அங்கே சர்க்கரை என்றால் குளுக்கோஸ்தான், வேறு சர்க்கரையே கிடையாது. இருந்தாலும் சந்தேகம் வந்து உனக்குப் போன் செய்தேன். "எந்தச் சர்க்கரைக்கா?" என்றேன். "சர்க்கரைன்னா சர்க்கரைதான்டா! இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?" என்று வைத்துவிட்டாய். ஞாபகம் இருக்கிறதா?

புதிதாகச் செய்யச் சொல்கிறாய். யார் செய்வது? உன் புகாரைப் பார்த்ததும் மேலாளர் என்னை உலர்த்தும் இயந்திரத்தை விட்டு எடுத்துவிட்டார். இப்போது அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் மக்குத் தம்பி

மார்ச் 13

அன்புத் தம்பி,

சீட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தேதான். போனில் நான் கத்தியதும் நினைவிருக்கிறது. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. புகார் எழுதும் முன்பு ஒரு நிமிஷம் இந்த நகலைப் பார்த்திருக்கலாம். தவறு என்னுடையது என்று உன் மேலாளருக்கு எழுதிவிட்டேன்.

மீதிப் பெப்டைடு உங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது. ஆறு குப்பிக்கு வரும். எப்படியாவது செய்துகொடுடா. கேட்க எனக்கு முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

உன் இரண்டாவது கடிதத்தை மேலாளர் படித்தார். "சரி, பாக்கலாம்" என்று முதல் கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டார். நான் இன்னும் டேப்தான் ஒட்டுகிறேன். இயந்திரத்துக்கு வந்திருக்கும் புது ஆளின் பின்னால், மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று செய்யவைத்தேன். ஆறு குப்பியும் வெள்ளை.

எனக்குக் கோபம் போகவில்லை. போனது மாதிரி எழுதவும் வரவில்லை.

குப்பிகளை அனுப்பும் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். 'காப்பியில் போடுகிற சர்க்கரை. குளுக்கோஸ் இல்லை.' அதிலும் சந்தேகம் என்றால் போன் செய். நீ கேட்டு முடிக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.

தம்பி