படத்தில் போடாத குகை

14 ஜூன் 1992, ஞாயிறு. இராஜபாளையம்.

எங்கள் பகடை விளையாட்டுக்காக நான் வரைந்த கற்பனை நாட்டில், புதையல் குகையைப் படத்தில் போடவே இல்லை. அது என் மனதுக்குள் மட்டும்தான் இருந்தது. இன்று நண்பன் சேவியர் பகடையைக்கூட உருட்டாமல், "என் வீரன் யானைப் பாறைக்குப் பின்னால இருக்க குகைக்குப் போறான்" என்றான்.

"ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"மலைய அப்படியே பிளவக்கல் மாதிரி வரைஞ்சிருக்க. பொறவு குகை மட்டும் இல்லாமப் போயிருமா?"

உண்மைதான், அந்த மலையைத்தான் வரைந்தேன். ஆனால் அந்தக் குகையை எனக்குக் காட்டியது அக்கா. வேறு யாருக்கும் தெரியாது என்று சொல்லி, சத்தியமும் வாங்கினாள்.

எங்களுக்குக் காபி கொண்டுவந்தபோது, யார் ஜெயிக்கிறார்கள் என்று எப்போதும் கேட்கும் அக்கா இன்று கேட்கவில்லை. சேவியரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.